இரண்டிலும், ஒன்றிலாவது, மட்டும்: கலந்த குழுக்களின் சதவீதக் கணக்கைப் படிப்படியாகச் செய்வது எப்படி

தேர்வுக்குப் படிக்கும் நாலைந்து பேர் மாலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வருவார்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4, வங்கித் தேர்வு, ரயில்வே என்று ஆளுக்கொன்று. ஆனால் எல்லோரும் வழுக்கி விழுந்தது ஒரே இடத்தில்: ஒரு குழுவில் இருக்கும் ஆளே இன்னொரு குழுவிலும் இருக்கிற சதவீதக் கணக்கு. "35% பேர் கணிதத்தில் தோல்வி, 42% பேர் ஆங்கிலத்தில் தோல்வி, 15% பேர் இரண்டிலும் தோல்வி" என்று ஆரம்பிக்குமே, அந்த ரகம்.

கூட்டல் கழித்தலில் தப்பு விட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. தப்பு நடப்பது வாசிப்பதில். கேள்வியைப் பாதி படித்ததுமே சூத்திரத்தைத் தேடி ஓடுவார்கள்; எந்த எண் எந்த ஆட்களைக் குறிக்கிறது என்று பார்ப்பதற்குள் கழித்து முடித்திருப்பார்கள். அதனால் இங்கே சூத்திரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். கட்டம் போடுவது முதலில், வார்த்தையைப் பிரிப்பது அதற்குள், எண் அப்புறம்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாள், பேனா. மனக்கணக்கில் நல்ல கெட்டிக்காரர்களும் இந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டால் ஒரு கட்டத்தை மறந்துவிடுகிறார்கள், அதனால் தாள் கட்டாயம்.

"60இல் 30% எவ்வளவு" என்றால் 18 என்று தயங்காமல் சொல்லத் தெரிய வேண்டும். "38% என்பது 152 பேர், அப்படியானால் 100% எத்தனை பேர்" என்று தலைகீழாகவும் போகத் தெரிய வேண்டும். இவை இரண்டும் தடுமாறினால் முதலில் அதை அரை மணி நேரம் பழகிவிட்டு வாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் படித்த கண மொழி நினைவிருந்தால் நல்லது. சேர்ப்பு, வெட்டு, நிரப்பி எல்லாம் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பெயர்கள் இல்லாமலே வேலை முடிந்துவிடும். விழுக்காடு என்றாலும் சதவீதம் என்றாலும் ஒன்றுதான். வினாத்தாளில் எது வந்தாலும் பதற வேண்டாம்.

## 1. யார் அந்த நூறு?

கேள்வியில் வரும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் முன்னால் நின்று, "இது யாரை நூறாக வைத்துச் சொன்னது?" என்று கேளுங்கள். முதல் படி இதுதான். இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாப் படிகளையும் ஒழுங்காகச் செய்தாலும் விடை தவறும்.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. "இல்" என்ற உருபு எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் நூறு. "மாணவர்களில் 40%" என்றால் எல்லா மாணவர்களும் நூறு. "தேர்ச்சி பெற்றவர்களில் 40%" என்றால் தேர்ச்சி பெற்றவர்கள் மட்டும் நூறு. அந்தச் சொல்லை வட்டமிடுங்கள். வட்டமிட ஒரு சொல்லும் கிடைக்காமல் வெறுமனே "40% பேர்" என்றிருந்தால், மொத்த ஆட்கள்தான் நூறு.

எல்லாச் சதவீதங்களுக்கும் நூறு ஒரே ஆட்கள்தான் என்றால் நேராக 2ஆம் படிக்குப் போகலாம். ஒன்றாவது வேறாக இருந்தால் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள், 7ஆம் படியில் அதைப் பார்ப்போம்.

## 2. எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்கு மாற்றுங்கள்

கேள்வி எழுதுபவர்களுக்குப் பிடித்த விளையாட்டு இது: ஒரு பாடத்துக்குத் தேர்ச்சி விகிதம் சொல்வார்கள், இன்னொன்றுக்குத் தோல்வி. "70% பேர் கணிதத்தில் தேர்ச்சி, 40% பேர் ஆங்கிலத்தில் தோல்வி, 18% பேர் இரண்டிலும் தோல்வி." உடனே 70, 40, 18 மூன்றையும் தூக்கி, இரண்டு குழுவையும் கூட்டி இரண்டிலும் இருப்பவர்களைக் கழிக்கும் சூத்திரத்தில் போட்டு 92 என்று ஒன்றை எடுத்து, மீதி 8 என்று விடை எழுதுபவர்கள்தான் அதிகம்.

"இரண்டிலும்" என்ற எண் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு மற்றவற்றைக் கொண்டுபோங்கள். இங்கே அது தோல்விப் பக்கம். கணிதத்தில் தேர்ச்சி 70 என்றால் தோல்வி 30. இப்போது 30, 40, 18 என்று மூன்றும் ஒரே பக்கம். ஒன்றிலாவது தோற்றவர்கள் 30 + 40 − 18 = 52, இரண்டிலும் தேர்ச்சி 48. எட்டுக்கும் நாற்பத்தெட்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

## 3. வட்டம் வேண்டாம், நான்கு கட்டம் போடுங்கள்

இரண்டு குழு என்றால் பள்ளியில் இரண்டு வட்டம் வரையச் சொல்லித்தந்தார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களை, அதாவது எதிலும் சேராதவர்களை, புதிதாகப் பழகுபவர்கள் கிட்டத்தட்ட எப்போதும் மறந்துவிடுகிறார்கள். கட்டத்தில் அவர்களுக்கும் ஒரு அறை இருப்பதால் மறக்க வழியில்லை. அதனால் இரண்டு குழுவுக்கு நான் வட்டம் போடவிடுவதே இல்லை.

முதலில் சொன்ன கணக்கையே எடுப்போம்: கணிதத்தில் தோல்வி 35%, ஆங்கிலத்தில் தோல்வி 42%, இரண்டிலும் தோல்வி 15%. நிரப்பி முடித்த கட்டம் இப்படி இருக்கும்:

| | ஆங்கிலத்தில் தோல்வி | ஆங்கிலத்தில் தேர்ச்சி | மொத்தம் |
|---|---|---|---|
| கணிதத்தில் தோல்வி | 15 | 20 | 35 |
| கணிதத்தில் தேர்ச்சி | 27 | 38 | 65 |
| மொத்தம் | 42 | 58 | 100 |

உள்ளே இருக்கும் நான்கு கட்டங்களிலும் ஒருவர் ஒரு முறைதான் வருவார். குழுக்கள் கலந்திருக்கலாம், கட்டங்கள் கலக்காது. கூட்ட வேண்டுமானால் கட்டங்களைக் கூட்டுங்கள், குழுக்களைக் கூட்டாதீர்கள். ஓரத்தில் இருக்கும் 35ஐயும் 42ஐயும் கூட்டினால் அந்த 15 பேரை இரண்டு முறை எண்ணிவிடுகிறோம். சூத்திரத்தில் ஒரு முறை 15ஐக் கழிப்பது அதற்குத்தான்.

## 4. மட்டும், உம், ஆவது

எல்லோரும் விழுவது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். கேள்வியின் ஒவ்வொரு சொற்றொடரும் கட்டத்தில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் சின்ன வேலை.

"கணிதத்தில் தோல்வி" என்றால் ஓரத்து மொத்தம், அதாவது 35. இரண்டிலும் தோற்றவர்களும் இதற்குள் இருக்கிறார்கள். "கணிதத்தில் மட்டும் தோல்வி" என்றால் உள்ளே இருக்கும் ஒரே ஒரு கட்டம், 20. மட்டும் என்ற அந்த ஒரு சொல் 35ஐ 20 ஆக்கிவிடுகிறது. சொல் இல்லாத இடத்தில் அதை நாமே சேர்த்துப் படிப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் பிழை.

"இரண்டிலும் தோல்வி" ஒரு கட்டம், 15. "ஒன்றிலாவது தோல்வி" மூன்று கட்டங்கள்: 15 + 20 + 27 = 62. "குறைந்தது ஒரு பாடத்தில் தோல்வி" என்று வந்தாலும் அதே மூன்றுதான். இரண்டிலும் தோற்றவர் ஒன்றிலாவது தோற்றவர்தானே, அவரை வெளியே விடக் கூடாது. "ஒரே ஒரு பாடத்தில் தோல்வி", "சரியாக ஒன்றில் தோல்வி" என்றால் இரண்டு கட்டங்கள், 20 + 27 = 47.

இப்போது ஒரு சங்கடமான வாக்கியம்: "இரண்டு பாடங்களிலும் தேர்ச்சி பெறாதவர்கள்." தமிழில் இதை நேராகப் படித்தால் அதிலும் தேர்ச்சி இல்லை, இதிலும் தேர்ச்சி இல்லை, ஆகவே 15. ஆனால் சிலர் இதை "இரண்டிலும் தேர்ச்சி பெற்றவர்களைத் தவிர மற்றவர்கள்" என்று படித்து 62 என்று குறிக்கிறார்கள். முதல் பொருளில்தான் பெரும்பாலும் கேட்பார்கள் என்றாலும், வினாத்தாள் இருமொழியில் இருந்தால் ஆங்கில வடிவத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், ஐந்து நொடிதான் ஆகும். கீழே கொடுத்த நான்கு விடைகளில் 15, 62 இரண்டுமே உட்கார்ந்திருந்தால் கேள்வி எழுதியவருக்கும் இந்தக் குழப்பம் தெரியும் என்று அர்த்தம்.

"அல்லது" வந்தாலும் கவனம். பேச்சில் "டீ அல்லது காபி" என்றால் ஏதோ ஒன்று. கணக்கில் "டீ அல்லது காபி குடிப்பவர்கள்" என்றால் இரண்டையும் குடிப்பவர்களும் சேர்த்தி. இரண்டையும் குடிப்பவரை விலக்க வேண்டுமானால் கேள்வியே "ஏதேனும் ஒன்றை மட்டும்" என்று சொல்லும்.

## 5. நிரப்பும் வரிசை

முதலில் வலது கீழ் மூலையில் 100. அடுத்து ஓரத்து மொத்தங்கள். அதற்கப்புறம் "இரண்டிலும்" என்ற கட்டம். மற்ற மூன்றும் கழித்தலில் தானாக விழும்.

இந்த வரிசை ஏன் என்றால், ஓரத்து மொத்தத்தை முதலில் எழுதிவிட்டால் அதை உள்கட்டத்தில் தவறிப் போட வாய்ப்பு குறைகிறது. உள்கட்டத்தில் தொடங்குபவர்கள் 35ஐக் கொண்டுபோய் "கணிதத்தில் மட்டும்" என்ற இடத்தில் வைத்துவிடுவார்கள், பிறகு மொத்தம் 100 வரவில்லை என்று முழிப்பார்கள்.

"இரண்டிலும் தோல்வி" கொடுக்காமல் "இரண்டிலும் தேர்ச்சி 38%" என்று எதிர் மூலையைக் கொடுத்தாலும் கவலையில்லை. இருக்கும் எண்ணைக் கட்டத்தில் வைத்து அங்கிருந்து நடக்க வேண்டியதுதான். 65இல் 38 போனால் 27, 42இல் 27 போனால் 15. சூத்திரத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்ற யோசனையே வேண்டாம்.

## 6. ஆட்களின் எண்ணிக்கைக்குக் கடைசியில் போங்கள்

கேள்வியில் "இரண்டிலும் தேர்ச்சி பெற்றவர்கள் 152 பேர் எனில் தேர்வெழுதியவர்கள் எத்தனை பேர்?" என்று இருக்கும். அந்த 152ஐப் பார்த்ததும் கட்டத்தில் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். சதவீதமும் ஆளும் ஒரே கட்டத்தில் கலந்தால் எது எது என்று தெரியாமல் போகும். ஒரு பையன் 100இலிருந்து 152ஐக் கழித்துவிட்டு என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

கட்டம் முழுவதையும் சதவீதத்தில் முடியுங்கள். பிறகு 38% = 152 என்று ஒரே ஒரு வரி. 1% = 4, ஆகவே மொத்தம் 400. மற்ற கட்டங்களையும் நான்கால் பெருக்கிப் பாருங்கள்: 60, 80, 108, 152. கூட்டினால் 400.

இங்கே இன்னொரு பிழையும் நடக்கும். 152 எந்தக் கட்டத்துக்கு உரியது என்று பார்க்காமல் 62க்குச் சமமாக வைப்பது. 62 தோற்றவர்கள், 152 தேர்ச்சி பெற்றவர்கள். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

## 7. சதவீதத்துக்குள் சதவீதம்

1ஆம் படியில் நட்சத்திரம் போட்டவை இங்கே.

ஒரு குடியிருப்பில் 60% வீடுகளில் பைக் இருக்கிறது. பைக் உள்ள வீடுகளில் 30% காரும் வைத்திருக்கின்றன. பைக் இல்லாத வீடுகளில் 45% கார் வைத்திருக்கின்றன. இரண்டும் உள்ள வீடுகள் எத்தனை சதவீதம்?

30% என்று எழுதினால் தவறு. அந்த 30க்கு நூறு என்பது பைக் உள்ள வீடுகள். மொத்தத்தில் அது 60இல் 30%, அதாவது 18. அதேபோல் பைக் இல்லாத 40இல் 45% என்றால் 18. கட்டத்தில் வைத்தால் இரண்டும் உள்ளவை 18, பைக் மட்டும் 42, கார் மட்டும் 18, எதுவும் இல்லாதவை 22. கார் உள்ள வீடுகள் 36.

வெவ்வேறு நூறுகளில் இருக்கும் சதவீதங்களைக் கட்டத்துக்குள் கொண்டுவரும் முன் எல்லாவற்றையும் மொத்த நூறுக்கு மாற்றுங்கள். மாற்றாத எண்ணுக்குக் கட்டத்தில் இடமில்லை.

இதே கணக்கில் இன்னொரு கேள்வி வரலாம்: கார் உள்ள வீடுகளில் எத்தனை சதவீதம் பைக்கும் வைத்திருக்கின்றன? 36இல் 18, அதாவது 50%. பைக் வீடுகளில் கார் உள்ளவை 30%, கார் வீடுகளில் பைக் உள்ளவை 50%, இரண்டும் அதே 18 வீடுகளைத்தான் பேசுகின்றன. திருப்பிப் போட்டால் எண் மாறும் என்பதை நம்ப மறுப்பவர்களுக்கு இந்தக் கட்டத்தைத்தான் காட்டுவேன்.

நிஜ வாழ்க்கையில் இது எங்கே வருகிறது என்று கேட்டால், தேர்வு அறிவிப்பிலேயே வருகிறது. தமிழ்நாட்டு இடஒதுக்கீடு 69%: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 18, பழங்குடியினர் 1. அருந்ததியர் உள்ஒதுக்கீட்டைப் பேச்சில் 3% என்போம். அதையும் தனி வரியாகக் கூட்டிவிட்டு 72 வருகிறதே என்று கேட்டவர்கள் உண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பது, ஆதிதிராவிடருக்கான இடங்களில் 16%. 18இல் 16% என்றால் 2.88. அந்த 2.88 ஏற்கெனவே 18க்குள் இருக்கிறது, மறுபடி கூட்ட ஒன்றும் இல்லை.

ஆண், பெண் என்று பிரித்துக் கேட்டாலும் இதே வழிதான். ஊழியர்களில் ஆண்கள் 55%, பெண்கள் 45%. ஆண்களில் 20% பட்டதாரிகள், பெண்களில் 40%. மொத்தத்தில் பட்டதாரிகள் 11 + 18 = 29%. இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் 30 என்று சொல்லி ஒரு மதிப்பெண்ணை விடாதீர்கள்.

## 8. கலந்த பங்கே தெரியாதபோது

"காபி குடிப்பவர்களில் 40% டீயும் குடிப்பார்கள், டீ குடிப்பவர்களில் 25% காபியும் குடிப்பார்கள், எதுவும் குடிக்காதவர்கள் 12%." இதில் காபி எவ்வளவு, டீ எவ்வளவு என்று ஒன்றும் தெரியாது. பார்த்ததும் தாண்டிவிடுவார்கள். உண்மையில் சுலபமான கணக்கு.

இரண்டையும் குடிப்பவர்களை ஒரு பங்கு என்று வையுங்கள். அது காபிக்காரர்களில் 40% என்றால் காபிக்காரர்கள் 2.5 பங்கு. டீக்காரர்களில் 25% என்றால் டீக்காரர்கள் 4 பங்கு. ஏதாவது ஒன்றைக் குடிப்பவர்கள் 2.5 + 4 − 1 = 5.5 பங்கு. அது 100 − 12 = 88. ஒரு பங்கு 16. ஆக இரண்டும் 16, காபி 40, டீ 64.

காபியை நூறு என்று வைத்துத் தொடங்கினாலும் விடை வரும், ஆனால் பின்னம் அதிகம் புரள வேண்டியிருக்கும். இரண்டு வாக்கியத்துக்கும் பொதுவாக இருப்பவர்கள் யாரோ அவர்களை ஒரு பங்காக வைத்தால் வேலை குறைகிறது.

## 9. மூன்று குழுக்கள்

இங்கே மட்டும் கட்டத்தை விட்டுவிட்டு மூன்று வட்டம் வரையுங்கள், சுற்றிலும் ஒரு பெட்டியும் போடுங்கள். பெட்டி இல்லாமல் வட்டம் வரைந்தால் "எதுவும் பிடிக்காதவர்" எங்கே நிற்பார்?

கணக்கு: இட்லி பிடிக்கும் 57%, தோசை 66%, பொங்கல் 40%. இட்லியும் தோசையும் 40%, தோசையும் பொங்கலும் 25%, இட்லியும் பொங்கலும் 20%. மூன்றும் 12%. எதுவும் பிடிக்காதவர்கள்?

நடுவிலிருந்து வெளியே வாருங்கள். முதலில் நடுவில் 12. அப்புறம் இட்லியும் தோசையும் 40 என்றதில் அந்த 12 ஏற்கெனவே இருப்பதால், பொங்கல் சேராத பகுதி 28. அதேபோல் தோசை, பொங்கல் 13. இட்லி, பொங்கல் 8. இப்போதுதான் வட்டத்தின் ஓரம்: இட்லி மட்டும் 57 − 28 − 8 − 12 = 9, தோசை மட்டும் 66 − 28 − 13 − 12 = 13, பொங்கல் மட்டும் 40 − 13 − 8 − 12 = 7. ஏழு பகுதிகளையும் கூட்டினால் 90. எதுவும் பிடிக்காதவர்கள் 10%.

"அண்ணா, இட்லியும் தோசையும் 40ன்னா பொங்கல் பிடிக்காதுன்னுதானே அர்த்தம்?" என்று போன மாதம் ஒருவர் கேட்டார். இல்லை. பொங்கலைப் பற்றி அந்த வாக்கியம் வாயே திறக்கவில்லை. "இட்லியும் தோசையும் மட்டும்" என்று சொன்னால்தான் பொங்கல் வெளியே. அவர் சொன்னபடி 40ஐயும் 20ஐயும் அப்படியே எடுத்துக் கழித்தால் இட்லி மட்டும் 57 − 40 − 20 − 12, அதாவது கழித்தல் 15. ஆட்கள் கழித்தலில் வர மாட்டார்கள், ஆகவே படித்ததில்தான் பிழை.

சில கேள்விகளில் ஜோடிகளைத் தனித்தனியாகச் சொல்ல மாட்டார்கள். "சரியாக இரண்டு பிடித்தவர்கள் 49%, மூன்றும் பிடித்தவர்கள் 12%" என்று மொத்தமாகக் கொடுப்பார்கள். அப்போது வட்டம் வேண்டாம், கை தூக்கச் சொல்லுங்கள். இட்லிக்கு 57 கை, தோசைக்கு 66, பொங்கலுக்கு 40, ஆக 163 கை. இரண்டு பிடித்தவர் ஒரு கை கூடுதலாகத் தூக்கியிருக்கிறார், மூன்று பிடித்தவர் இரண்டு கை கூடுதல். 163 − 49 − 24 = 90. கூடுதல் கைகளைக் கழித்தால் ஆட்கள்.

பலவற்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கருத்துக் கணிப்புகளில் சதவீதங்களைக் கூட்டினால் நூறைத் தாண்டுவதும் இதனால்தான். தாண்டுவது கைகள்.

## 10. குறைந்தபட்சம், அதிகபட்சம்

"75% பேருக்கு வண்டி ஓட்டத் தெரியும், 60% பேருக்கு நீச்சல் தெரியும். இரண்டும் தெரிந்தவர்கள் குறைந்தபட்சம் எத்தனை சதவீதம்?" இதில் "இரண்டும்" என்ற எண் கொடுக்கப்படவில்லை, அதனால் ஒரே விடை கிடையாது, ஓர் எல்லைதான் உண்டு.

அதிகபட்சம் எளிது: சின்னக் குழு முழுவதும் பெரியதற்குள் போய்விட்டால் 60. குறைந்தபட்சத்துக்குத் தெரியாதவர்களை எண்ணுங்கள். வண்டி தெரியாதவர்கள் 25, நீச்சல் தெரியாதவர்கள் 40. இந்த இரு கூட்டமும் வெவ்வேறு ஆட்கள் என்று வைத்தால்கூட 65தான். மீதி 35 பேருக்கு இரண்டும் தெரிந்தே ஆக வேண்டும்.

இந்த வழி எத்தனை குழுவுக்கும் போகும். மூன்று திறமைகள் 80%, 70%, 65% என்றால் இல்லாதவர்கள் 20 + 30 + 35 = 85, ஆகவே மூன்றும் உள்ளவர்கள் குறைந்தது 15%. இல்லாதவர்களின் கூட்டல் 100ஐத் தொட்டாலோ தாண்டினாலோ குறைந்தபட்சம் பூஜ்யம்.

இங்கே அடிக்கடி பார்ப்பது, 75%ஐயும் 60%ஐயும் பெருக்கி 45% என்று எழுதுவது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை என்று கேள்வி சொன்னால் மட்டுமே பெருக்கலாம். சொல்லாவிட்டால் 35 முதல் 60 வரை எதுவாகவும் இருக்கலாம்.

## 11. விடை குறிக்கும் முன் அரை நிமிடம்

உள்கட்டங்களைக் கூட்டினால் 100 வருகிறதா? எந்தக் கட்டமாவது கழித்தலில் இருக்கிறதா? "இரண்டிலும்" என்ற எண் இரண்டு குழுக்களில் சிறியதைவிடப் பெரிதாக இருக்கிறதா? இவற்றில் ஒன்று இடறினாலும் 4ஆம் படிக்குத் திரும்புங்கள், ஏனென்றால் பிழை கழித்தலில் இருப்பதைவிட "மட்டும்" இருக்கும் இடத்தில்தான் இருக்கும்.

ஆட்களின் எண்ணிக்கை கேட்டால் இன்னொரு சோதனை உண்டு. அரை ஆள் தேர்வெழுத முடியாது. முதல் கணக்கில் "ஆங்கிலத்தில் மட்டும் தோல்வி" 27%. 27க்கும் 100க்கும் பொதுக் காரணி இல்லை, எனவே மொத்தம் 100இன் மடங்காக இருந்தாக வேண்டும். விடைகள் 350, 380, 400, 450 என்று இருந்தால் 400ஐத் தவிர மற்றவற்றை 152ஐப் பார்க்காமலே அடித்துவிடலாம். குரூப் 4 தாளில் கணக்கு 25 கேள்வி, இப்படி மிச்சமாகும் நிமிடங்கள் வேறு கேள்விக்கு உதவும். நிஜக் கருத்துக் கணிப்பில் இதைச் செய்யாதீர்கள், அங்கே சதவீதத்தை முழு எண்ணாக்கித்தான் அச்சிடுவார்கள்.

## 12. தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள்

முதலாவது: 800 பேர் எழுதிய தேர்வில் 72% தமிழில் தேர்ச்சி, 44% அறிவியலில் தோல்வி, 46% இரண்டிலும் தேர்ச்சி. இரண்டிலும் தோற்றவர்கள் எத்தனை பேர்? ஒரே ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்கள் எத்தனை பேர்?

இரண்டாவது: கேரம் விளையாடுபவர்களில் 30% செஸ்ஸும் விளையாடுவார்கள், செஸ் விளையாடுபவர்களில் 60% கேரமும் விளையாடுவார்கள். இரண்டும் விளையாடாதவர்கள் 28%. கேரம் விளையாடுபவர்கள் எத்தனை சதவீதம்?

மூன்றாவது: ஒரு தெருவில் 90% வீடுகளில் மிக்ஸி, 85% வீடுகளில் கிரைண்டர், 70% வீடுகளில் ஃபிரிட்ஜ், 60% வீடுகளில் வாஷிங் மெஷின். நான்கும் உள்ள வீடுகள் குறைந்தது எத்தனை சதவீதம்?

விடைகள்: முதலாவதில் 144 பேர், 288 பேர். இரண்டாவதில் 60%. மூன்றாவதில் 5%. முதலாவதில் 208 வந்திருந்தால் அது "தமிழில் மட்டும் தேர்ச்சி" கட்டம் மட்டும். அறிவியலில் மட்டும் தேர்ச்சி பெற்ற 80 பேரை விட்டுவிட்டீர்கள். இரண்டாவதில் 30 வந்திருந்தால் கணக்கு சரி, செஸ்ஸின் எண்ணை எழுதிவிட்டீர்கள்.